எந்த வண்டியில் ஏறினாலும்: மைக் ஹெயில்வுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் ரேஸ் பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படியும் மைக் ஹெயில்வுட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். உடனே கேள்விகள் வரும். கேட்பவர்கள் மாறுவார்கள், சந்தேகங்கள் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த ஹெயில்வுட்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷர் பகுதியில் 1940 ஏப்ரல் 2 அன்று பிறந்தவர். முழுப்பெயர் ஸ்டான்லி மைக்கேல் பெய்லி ஹெயில்வுட். ரசிகர்கள் வைத்த பெயர் 'மைக் த பைக்'. 1957-இல் 17 வயதில் முதல் பந்தயம் ஓட்டினார். உலக சாம்பியன் பட்டம் 9, கிராண்ட் பிரீ (உலக சாம்பியன் போட்டியில் அடங்கிய பந்தயம்) வெற்றி 76, ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி (டூரிஸ்ட் டிராபி) பந்தயத்தில் வெற்றி 14.

அந்த 76 எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால்தான் ஆள் யாரென்று புரியும். 500 சிசி பிரிவில் 37, 250-இல் 21, 350-இல் 16, 125-இல் 2. நான்கு பிரிவுகளிலும் வென்றிருக்கிறார். இதற்கு நடுவே ஃபார்முலா ஒன் காரும் ஓட்டினார்.

ரோடு ரேஸ்னா என்ன? ரோட்டுல ஓட்டுறதா, டிராக்ல ஓட்டுறதா?

இரண்டும்தான். மண்ணிலும் சேற்றிலும் ஓடும் மோட்டோகிராஸிலிருந்து பிரித்துக்காட்ட, தார்ச்சாலையில் ஓடும் பந்தயம் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ரோடு ரேஸ்' என்று பெயர். பந்தயத்துக்கென்றே கட்டிய தடத்தில் ஓடுவதும் அதில் சேரும், ஊர்ச்சாலையை மூடிவிட்டு ஓடுவதும் சேரும்.

ஐல் ஆஃப் மேன் டிடி இரண்டாவது வகை. ஒரு சுற்று 37.73 மைல், அதாவது 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வீட்டுச் சுவர், கல்வேலி, தந்திக்கம்பம், அப்புறம் மலை என்று எல்லாவற்றையும் கடந்துபோகிற சாலை. எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். சில வினாடி இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. மலையில் ஒரு மூலையில் மழை பெய்யும், கடற்கரைப் பக்கம் காய்ந்திருக்கும். 1976 வரை இது உலக சாம்பியன் போட்டியில் அடங்கிய ஒரு பந்தயமாகவே இருந்தது.

அப்பா பெரிய பணக்காரராமே? காசு இருந்தா யார் வேணும்னாலும் ஜெயிக்கலாமே?

அப்பா ஸ்டான் ஹெயில்வுட் மோட்டார்சைக்கிள் விற்பனைக் கடைகள் நடத்திப் பணம் சம்பாதித்தவர் என்பது உண்மை. மகனுக்கு நல்ல வண்டி, மெக்கானிக், லாரி எல்லாம் கொடுத்தார். அந்த அணிக்கு 'எக்குரி ஸ்போர்ட்டிவ்' என்று பெயரும் வைத்தார். வேன் ஓட்டிக்கொண்டு வந்து தாங்களே வண்டியைக் கழுவி ஓட்டிய மற்ற வீரர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். அதை மறுக்க முடியாது.

ஆனால் பணத்தால் நல்ல வண்டி வாங்கலாம், வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்பதை வாங்க முடியாது. ஓல்ட்டன் பார்க்கில் ஓட்டிய முதல் பந்தயத்தில் அவர் 11-வதாகத்தான் வந்தார். இரண்டே வருடத்தில், 1959 அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில், 125 சிசி டுகாட்டியில் உலகப் போட்டியின் முதல் வெற்றி. எனக்குத் தோன்றுவது இதுதான்: அப்பாவின் பணம் கொடுத்த பெரிய வரம் வேகமான வண்டி அல்ல, விதவிதமான வண்டி. ஒரே நாளில் சின்னதிலிருந்து இறங்கிப் பெரியதில் ஏறிப் பழகிய பையன் அவர். பின்னால் அவர் செய்தது எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

பைக்னா பைக்தானே? எல்லா கிளாஸ்லயும் ஓட்டினார்ங்கறது அவ்வளவு பெரிய விஷயமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1961-இல் அவர் ஓட்டிய நார்ட்டன் மேங்ஸ் வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர், ஏறக்குறைய 500 சிசி. ஒவ்வொரு வெடிப்பும் உடம்பை உலுக்கும். ஆனால் வளைவில் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். 1966-இல் அவர் ஓட்டிய ஹோண்டா ஆர்சி166-க்கு 250 சிசிக்குள் ஆறு சிலிண்டர். நார்ட்டனின் ஒரு சிலிண்டரில் ஹோண்டாவின் மொத்த என்ஜினைப்போல இரண்டு அடங்கும். ஹோண்டாவின் ஒரு சிலிண்டர் 41 சிசிதான், காப்பி டம்ளரில் பாதிகூட இல்லை. அது நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும். கியர் ஏழு. என்ஜின் வேகத்தைக் கீழே விழவிட்டால் வண்டியில் இழுப்பே இருக்காது, அதனால் கால் சும்மா இருக்கவே முடியாது.

அதே சமயத்தில் ஹோண்டாவின் 500 சிசி வண்டி வேறு குணம். சக்தி ஏராளம், ஆனால் அந்தச் சக்தியைத் தாங்கும் உறுதி வண்டியின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) இல்லை. நேர்ச்சாலையிலேயே நெளியும். ஆக, ஒரு வண்டியைக் கெஞ்சி ஓட்ட வேண்டும், இன்னொன்றை அதட்டி ஓட்ட வேண்டும், மூன்றாவதை அடக்கி ஓட்ட வேண்டும். பிரேக் பிடிக்கும் இடம், வளைவுக்குள் நுழையும் கோடு, ஆக்சிலரேட்டரைத் திறக்கும் நேரம் எல்லாமே வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வீரர்கள் வண்டியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்வார்கள். ஹெயில்வுட் குறையைச் சொல்லிவிட்டு, அந்தக் குறையோடேயே ஓட்டி முடித்துவிடுவார்.

ஒரே வாரத்துல மூணு ரேஸ் ஜெயிச்சார்னு சொல்றது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம், அதுவும் இரண்டு முறை. 1961 டிடி வாரத்தில் 125, 250 இரண்டையும் ஹோண்டாவில் வென்றார். 500 சிசி சீனியர் பந்தயத்தை மேலே சொன்ன ஒற்றைச் சிலிண்டர் நார்ட்டனில், சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி வென்றார். ஒரே வாரத்தில் மூன்று டிடி வென்ற முதல் ஆள் அவர்தான். நான்காவதும் கிடைத்திருக்கும். 350 பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது கடைசிச் சுற்றில் ஏஜேஎஸ் வண்டியின் என்ஜின் கைவிட்டது. 1967-இல் 250, 350, 500 மூன்றையும் ஹோண்டாவில் மறுபடி வென்றார்.

அதே 1967-இல் நெதர்லாந்தின் ஆசென் நகரில் இந்த மூன்று பிரிவுகளையும் ஒரே நாளில் வென்றார். இப்போதுபோல முக்கால் மணி நேரப் பந்தயங்கள் அல்ல அவை. இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும்: 1964-இல் அமெரிக்காவின் டேடோனா. பந்தயத்துக்கு முன்னால் இத்தாலிய நிறுவனமான எம்வி அகுஸ்டாவின் 500 சிசி வண்டியில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டி, 144.8 மைல் கடந்து உலக சாதனை செய்தார். இறங்கி ஓய்வெடுத்துவிட்டு, அன்றைக்கே கிராண்ட் பிரீயில் ஓட்டி அதையும் வென்றார்.

கீழ விழுந்துட்டு மறுபடி எழுந்து ஜெயிச்ச கதை?

1965 சீனியர் டிடி. மழை. இளம் வீரர் ஜாக்கோமோ அகோஸ்தினி, அப்போது ஹெயில்வுட்டின் அணித்தோழர், சாராஸ் காட்டேஜ் என்ற வளைவில் வழுக்கி விழுந்தார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஹெயில்வுட்டும் விழுந்தார். அகோஸ்தினி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹெயில்வுட்டின் மூக்கில் ரத்தம். முன்கண்ணாடி உடைந்துவிட்டது, ஹேண்டில்பார் வளைந்துவிட்டது, சைலன்சர் குழாய் நசுங்கிவிட்டது. ஹேண்டில்பாரைக் காலால் உதைத்து ஓரளவு நேராக்கினார். சாலை மேட்டில் ஏறுகிறது, தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. வண்டியைத் திருப்பிச் சரிவில் ஓடவிட்டு என்ஜினை உயிர்ப்பித்தார், பிறகு திரும்பி ஏறிப் போனார்.

பிட்டில் (பந்தயத்துக்கு நடுவே வண்டியைச் சரிபார்க்கும் இடத்தில்) நிறுத்தி மேற்கொண்டு தட்டி நிமிர்த்தினார்கள். கோணல் ஹேண்டில்பாரோடு, மழை முகத்தில் அறைய, மீதிச் சுற்றுகளை ஓட்டி முதலாவதாக வந்தார்.

1967-ல அகோஸ்தினியும் இவரும் சம பாயிண்டாமே? அப்ப ஏன் பட்டம் அவருக்குப் போச்சு?

அந்த வருடம் 500 பிரிவில் பத்துப் பந்தயம், அதில் சிறந்த ஆறு முடிவுகள்தான் கணக்கு. வெற்றிக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. இருவரும் தலா 5 வெற்றி, ஒரு இரண்டாமிடம்: 46 புள்ளி. சமம். வெற்றிகளும் சமம் என்பதால் இரண்டாமிடங்களை எண்ணினார்கள். அகோஸ்தினிக்கு மூன்று, ஹெயில்வுட்டுக்கு இரண்டு. பட்டம் எம்வி அகுஸ்டாவில் ஓட்டிய அகோஸ்தினிக்கு. இத்தாலியின் மோன்சாவில் தெளிவாக முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹெயில்வுட்டுக்கு முடிய ஒருசில சுற்றுகள் இருக்கும்போது கியர்பாக்ஸ் சிக்கிக்கொண்டது. அங்கேதான் பட்டம் போனது.

அதே வருடத்து சீனியர் டிடியைப் பலரும் எக்காலத்துக்கும் சிறந்த டிடி என்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நெளியும் ஹோண்டாவின் ஆக்சிலரேட்டர் பிடி கழன்று வர ஆரம்பித்தது. பிட்டில் நிறுத்தியபோது ஒரு சுத்தியலைக் கேட்டு வாங்கி, பிடியை அடித்து உள்ளே இறக்கிவிட்டுக் கிளம்பினார். வினாடிக் கணக்கில் முன்னும் பின்னுமாகப் போன போட்டி, ஐந்தாவது சுற்றில் அகோஸ்தினியின் செயின் அறுந்ததும் முடிந்தது. அன்று ஹெயில்வுட் ஓட்டிய 108.77 மைல் வேகச் சுற்றை 1975 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

ஓட்டாம இருக்கறதுக்கு ஹோண்டா பணம் கொடுத்துச்சாமே?

ஆமாம். 1968 தொடக்கத்தில் ஹோண்டா கிராண்ட் பிரீயிலிருந்து விலகியது. வேறு நிறுவனத்தின் வண்டியில் ஏறி உலகப் போட்டியில் தங்களையே தோற்கடிக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். 50,000 பவுண்டு என்று சொல்வார்கள். 1966, 1967 இரண்டு வருடங்களிலும் 250, 350 பட்டங்களை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். 27 வயதில் உலக சாம்பியன் போட்டிகளை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அப்புறம் கார் ஓட்டப் போனாரே, அதுல தோத்துட்டார்தானே?

தோற்றார் என்று சொல்ல மாட்டேன். 1963 முதல் 1965 வரை பைக்குக்கு நடுநடுவே ஃபார்முலா ஒன் ஓட்டினார். 1964 மொனாக்கோவில் ஆறாவது. 1969 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டேவிட் ஹாப்ஸுடன் சேர்ந்து ஃபோர்டு ஜிடி40-இல் மூன்றாவது. 1971-இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். முதல் பந்தயமே மோன்சா. முதல் ஐந்து பேரும் முக்கால் வினாடிக்குள் கோட்டைத் தாண்டிய பந்தயம் அது, இவர் நான்காவது. 1972-இல் ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையான ஃபார்முலா டூவில் ஐரோப்பிய சாம்பியன், அதே வருடம் மோன்சாவில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டாவது. 1974-இல் மெக்லாரன் காரில் தென்னாப்பிரிக்காவில் மூன்றாவது.

ஃபார்முலா ஒன் வெற்றி மட்டும் கிடைக்கவில்லை. பைக்கிலும் ஃபார்முலா ஒன் காரிலும் உலக சாம்பியன் ஆனவர் உலகத்தில் ஜான் சர்ட்டீஸ் ஒருவர்தான். அந்த சர்ட்டீஸின் அணிக்குத்தான் ஹெயில்வுட் 1971 முதல் மூன்று வருடம் ஓட்டினார். 1974 ஜெர்மன் கிராண்ட் பிரீயில், நூர்பர்கிரிங்கில், கார் மோதிக் கால் மோசமாக முறிந்தது. கார் ஓட்டம் அத்தோடு நின்றது.

யாரையோ நெருப்புலேர்ந்து இழுத்தார்னு படிச்சேன். அது இவர்தானா?

இவர்தான். 1973 தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீ, கயலாமி. மூன்றாவது சுற்றில் இவருடைய காரும் கிளே ரெகட்சோனியின் காரும் மோதின. ரெகட்சோனி நினைவிழந்து உள்ளே கிடக்க, கார் தீப்பிடித்தது. ஹெயில்வுட் இறங்கி ஓடி, நெருப்புக்குள் கைவிட்டு, பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். அவர் உடையிலேயே தீப்பற்றியது. அதை அணைத்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை. திரும்பவும் போய் ரெகட்சோனியை வெளியே இழுத்தார். ரெகட்சோனி பிழைத்து, அடுத்த வருடமே உலகப் பட்டத்துக்கு இரண்டாவதாக வந்தார். பிரிட்டிஷ் அரசு ஹெயில்வுட்டுக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது.

11 வருஷம் கழிச்சு வந்து ஜெயிச்சது எப்படி? ஏதாவது சுலபமான ரேஸா?

சுலபமான டிடி என்று ஒன்று கிடையாது. 1978 ஜூன் 3. வயது 38. முறிந்த கால் முன்போல் இல்லை, உச்சந்தலையில் முடி குறைந்துவிட்டது. 1967-க்குப் பிறகு அந்தத் தீவில் பந்தயம் ஓட்டியதே இல்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த ஸ்டீவ் வின் என்ற விற்பனையாளரின் சின்ன அணி, இரட்டைச் சிலிண்டர் டுகாட்டி 900. எதிரே ஹோண்டா தயாரித்துக் கொடுத்த நான்கு சிலிண்டர் வண்டியில் முந்தைய வருட சாம்பியன் ஃபில் ரீட். நல்லபடியாகச் சுற்றி வந்தால் போதும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

தனக்கு முன்னால் கிளம்பிப் போன ரீடைச் சாலையிலேயே எட்டிப்பிடித்தார். ரீடின் ஹோண்டா நடுவில் நின்றது, ஹெயில்வுட் சராசரி 108.51 மைல் வேகத்தில் வென்றார். 1967-இல் ஆறு சிலிண்டர், நான்கு சிலிண்டர் வண்டிகளில் ஜெயித்தவர், இப்போது இரட்டைச் சிலிண்டரில் 110.62 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். டுகாட்டி அந்த வெற்றியை நினைவுகூர்ந்து, சிவப்பும் பச்சையுமாக 'மைக் ஹெயில்வுட் ரெப்ளிகா' என்று ஒரு வண்டியையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடுத்த வருடமும் வந்தார். இந்த முறை இரண்டு ஸ்ட்ரோக் சுசுகி ஆர்ஜி500. அது டுகாட்டிக்கு நேரெதிரான குணம். சீனியர் டிடியை அதில் வென்றார், அது அவருடைய 14-வது. அந்த வாரத்து இன்னொரு பந்தயத்தில் அலெக்ஸ் ஜார்ஜிடம் வெறும் 3.4 வினாடியில் தோற்றார்.

சரி, பட்டம் 9-ஆ 10-ஆ? ஒரு இடத்துல 9 இருக்கு, இன்னொரு இடத்துல 10 இருக்கு.

கிராண்ட் பிரீ பட்டம் 9: 250-இல் 1961, 1966, 1967, 350-இல் 1966, 1967, 500-இல் 1962 முதல் 1965 வரை வரிசையாக நான்கு. டிடி உலக சாம்பியன் சுற்றிலிருந்து நீங்கிய பிறகு, 1977 முதல் 'டிடி ஃபார்முலா ஒன்' என்று பைக்குகளுக்கே ஒரு தனி உலகப் பட்டம் கொடுத்தார்கள். 1978-இல் அந்த ஒரே பந்தயமே பட்டத்தையும் முடிவு செய்தது. மேலே சொன்ன டுகாட்டி வெற்றிதான் அது. சேர்த்துக்கொள்பவர்கள் 10 என்பார்கள். கேட்டால் நான் 9 என்றுதான் சொல்வேன். ஒரே பந்தயத்தையும் ஒரு முழு வருடத்தையும் ஒன்றாக எண்ண மனம் வரவில்லை.

ரேஸ்ல தான் இறந்தாரா?

இல்லை. 1981 மார்ச் 21, சனிக்கிழமை மாலை. பந்தயத்தை விட்டு, பர்மிங்காம் பக்கம் பைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வறுவலும் சிப்ஸும் வாங்க மகள் மிஷெல், மகன் டேவிட் இருவரையும் காரில் அழைத்துக்கொண்டு போனார். சட்டவிரோதமாகத் திரும்பிய ஒரு லாரியில் கார் மோதியது. 9 வயது மிஷெல் அங்கேயே இறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஹெயில்வுட்டும் போய்விட்டார். டேவிட் பிழைத்தான். லாரி ஓட்டுநருக்கு விதித்தது 100 பவுண்டு அபராதம். அந்தத் தொகையை எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

அகோஸ்தினிக்கு 15 பட்டம், 122 வெற்றி. நீங்க ஏன் ஹெயில்வுட்டை மேல வைக்கறீங்க?

எண்ணிக்கையில் அகோஸ்தினிதான் மேலே, அதில் விவாதமே இல்லை. ஆனால் அவருடைய பட்டங்களில் பெரும்பாலானவை 1968 முதல் 1972 வரை குவிந்தவை. அந்த வருடங்களில், முந்தைய கேள்வியொன்றில் சொன்னபடி, ஹோண்டாவும் இல்லை, ஹெயில்வுட்டும் இல்லை. 500 பிரிவில் எம்வி அகுஸ்டாவுக்குச் சமமான வண்டியே கிடையாது. இதே நியாயத்தை ஹெயில்வுட்டிடமும் கேட்க வேண்டும்: அவருடைய 1962 முதல் 1965 வரையிலான நான்கு பட்டங்களும் அதே எம்வியில் வந்தவைதான்.

நான் பார்ப்பது வேறொன்று. அகோஸ்தினி எம்வியிலிருந்து யமஹாவுக்குப் போய் அங்கேயும் பட்டம் வென்றார், அது பெரிய சாதனை. ஹெயில்வுட் வென்றதோ டுகாட்டி, நார்ட்டன், ஹோண்டா, எம்வி, சுசுகி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத வண்டிகளில். ஒரு சிலிண்டர், இரண்டு, நான்கு, ஆறு. நான்கு ஸ்ட்ரோக், இரண்டு ஸ்ட்ரோக். இந்த அகலம் வேறு யாரிடமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னைக்கு ஒருத்தர் இப்படி ஓட்ட முடியுமா?

உலக சாம்பியன் போட்டியில் முடியாது. இப்போது ஒரு வீரர் ஒரு பிரிவில்தான் முழு வருடமும் ஓட்டுகிறார். டயர், எலக்ட்ரானிக்ஸ், உடற்பயிற்சி எல்லாம் அந்த ஒரு வண்டிக்கென்றே அமைகின்றன. ஒரே வருடத்தில் 250, 500 இரண்டு பட்டங்களையும் வென்ற ஒரே ஆள் அமெரிக்கர் ஃப்ரெடி ஸ்பென்சர், 1985-இல். இரண்டு பிரிவையும் சேர்த்து ஓட்டியதன் களைப்போ என்னவோ, அதற்குப் பிறகு ஒரு கிராண்ட் பிரீகூட அவர் வெல்லவில்லை.

ஐல் ஆஃப் மேனில் மட்டும் அந்தப் பழக்கம் உயிரோடு இருக்கிறது. மைக்கேல் டன்லப் ஒரே வாரத்தில் 1000 சிசி சூப்பர்பைக்கிலிருந்து இறங்கி 600-இல் ஏறுவார், அதிலிருந்து இறங்கி இரட்டைச் சிலிண்டர் சூப்பர்ட்வினில் ஏறுவார். தன் பெரியப்பா ஜோயி டன்லப்பின் 26 வெற்றிச் சாதனையை 2024-இல் அவர் முந்தியது இப்படித்தான். மலைமேல், அந்தத் தடத்தின் மிக உயரமான இடத்தை அவரும் ஒவ்வொரு சுற்றிலும் கடக்கிறார். அந்த இடத்துக்குப் பெயர் ஹெயில்வுட்ஸ் ஹைட்.